இடமிருந்து மூன்றாவது

ஆலையை நிறுத்தி ஒரு வாரம் தாண்டிவிட்டது, அந்த அமைதி இன்னும் ஜெசிந்தாவின் காதுக்குப் பழகவில்லை. கம்ப்ரசர் கட்டடத்தின் நிழலில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு கான்கிரீட் கால்களின் மேல் படுத்துக் கிடந்தது அந்த எக்ஸ்சேஞ்சர். சூடான வாயுவைத் தண்ணீரால் குளிரவைக்கும் நீண்ட இரும்பு உருளை. இரண்டு முனைகளிலும் மூடியைக் கழற்றியிருந்ததால் மதிய உறக்கத்தில் வாய் திறந்து கிடக்கும் ஆளைப் போல் இருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும், வெளியே அவற்றுக்கு நடுவில் வாயு பாயும். பாயும் வேகத்தில் குழாய்கள் நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, உருளையின் மேல் உள்ளங்கையை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். நடுங்குகிற குழாய், தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கும் குறுக்குத் தகட்டின் ஓட்டையில் உரசும். உரசிய இடம் தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்வதற்குத்தான் இந்த உர ஆலை அவளை வேலைக்கு வைத்திருந்தது. இன்று மூன்று மணிக்குள் சொல்லவேண்டும். அடுத்த நிறுத்தம் இரண்டு வருஷம் கழித்து. அதுவரை இதே குழாய்களோடு ஓட்டலாமா, கூடாதா. ஆலை மேலாளர் குத்தாலிங்கம் காலையிலேயே சொல்லிவிட்டார், விளக்கம் எல்லாம் அப்புறம், எனக்கு ஒரு வார்த்தை போதும்மா என்று.

ஒரு வார்த்தை. காலை பதினொரு மணி வரைக்கும் அந்த வார்த்தை அவளிடம் தயாராக இருந்தது. போன நிறுத்தத்தின்போதே அதைச் சொல்லியிருந்தாள். தேய்மானம் அடங்கும் சார், முதலில் வேகமாகத் தேயும், பிறகு உரசுகிற இடம் அகலமாகிவிடும், அகலமானால் ஆழமாகப் போகாது. அவர் நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். புதுச் செருப்பு முதல் வாரம் கடிக்கிற கடி மூன்றாம் மாதம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள், அதற்குத் தலையாட்டினார். அதன் பேரில் இரண்டு வருஷம் ஓடியது. வாயு வந்து இறங்கும் குழாய் மேலே ஒரு வளைவு வளைந்து வருவதால் உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் பாய்கிறது, அந்தப் பக்கத்துக் குழாய்கள்தான் தேய்கின்றன, மறுபக்கம் புதிதுபோல் இருக்கிறது, இதெல்லாம் அவள் மனப்பாடமாக அறிந்த சங்கதி. ஆனால் பதினொரு மணிக்கு வந்த அளவுகள் வேறு கதை சொல்லின. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் குழாய்கள், தொடப்படாமல் இருந்த மறுபக்கத்துக் குழாய்கள், மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருக்கின்றன. இரண்டே வருஷத்தில். அப்படியென்றால் உள்ளே வாயுவைப் பரப்பி விடுகிற தகடு கழன்றிருக்கவேண்டும், வாயு பக்கம் மாறிப் பாய்கிறது, இன்னும் இரண்டு வருஷம் போனால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். தகடு கழன்றிருக்கும் என்று அப்போதே குத்தாலிங்கத்திடம் சொல்லியும் விட்டாள், அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி. பாதிக்கு மேல் போன குழாயை ஓட்டக்கூடாது. ஓட்டினால் ஒரு நாள் ஓட்டை விழும், வாயு தண்ணீருக்குள் புகும், தண்ணீரோடு, அதை ஆறவைக்கிற கூலிங் டவருக்குப் போகும், போய் அங்கே காற்றில் கலக்கும். ஒரு பொறி போதும் அதற்கு. கூலிங் டவரின் அடியில் பாசி அள்ளுகிற பெண்கள் நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். பேச்சியம்மாள், அவளுடைய நாத்தனார், பெயர் தெரியாத இன்னும் இரண்டு பேர். அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பேச்சியம்மாள் அவள் தலையிலிருக்கும் பாதுகாப்புத் தொப்பியைப் பார்த்துச் சிரிப்பாள், மேடம் சட்டியக் கவுத்துட்டு வந்துட்டாவ என்பாள். அடங்கும், அடங்கும் என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருஷமாக அந்தப் பெண்களை எதன் அடியில் நிற்க வைத்திருந்தோம் என்று நினைத்தபோது பிசைந்த சோற்றை அப்படியே விட்டாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி எடுத்தாள். கூடாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் புதுக் குழாய்க் கட்டு வர எட்டு மாதம், அதுவரை ஆலை இப்படியே காது கேட்காததுபோல் கிடக்கும், ஒப்பந்தக்காரர்கள் ஆட்களை அனுப்பிவிடுவார்கள், பாசி அள்ள ஆள் வேண்டாம் என்று முதலில் அனுப்பப்படுவது பேச்சியம்மாளாகத்தான் இருக்கும். ஓட்டினாலும் அவள், நிறுத்தினாலும் அவள்.

இவ்வளவு இருந்தும் மனசின் அடியில் ஒரு நிறைவு கலையாமல் இருப்பதை ஜெசிந்தா கவனித்தாள், கவனித்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கடலிலிருந்து காற்று வந்தது. ஆலை ஓடும்போது இந்த இடத்தில் காற்று வருகிறதா என்றே தெரியாது, எல்லாம் சூடும் இரைச்சலும். இப்போது காற்றில் உப்பு இருந்தது, எங்கேயோ யாரோ இரும்பைச் சுரண்டுகிற ஓசை இருந்தது, அதற்கு அப்பால் ஒரு கப்பல் ஊதியது. சோற்றில் புளிக்குழம்பு சரியான பதத்தில் இருந்தது. குழம்பு வைத்தது பெர்க்மான்ஸ். துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். முதல் மாதம் எல்லாவற்றிலும் பெருங்காயம். இப்போது கை தேறிவிட்டது. போன் அடித்தது, அவர்தான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன். குழம்பு நல்லா இருக்கு."

"அது கிடக்கட்டும். இன்னைக்கு எங்க வரைக்கும் நடந்தேன் தெரியுமா? பழைய ஹார்பர் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். மூச்சு வாங்கல."

"யாரைக் கேட்டுட்டு அவ்வளவு தூரம் போனீங்க?"

"யாரைக் கேக்கணும்? நீ ரீடிங் எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் மூடியக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்திருக்கணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். வெயிலில் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. காலையில் காப்பி கொடுக்கும்போது டம்ளரை நீட்டுகிற சாக்கில் அவள் விரல் அவர் மணிக்கட்டு நாடியில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கும், அவருக்கும் அது தெரியும், தெரிந்தே டம்ளரை மெதுவாக வாங்குவார். ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் அவள் கேட்டிருந்தாள், எத்தனை வருஷம் டாக்டர் என்று. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லா இருப்பாங்கம்மா என்றார். நல்லா என்பது எத்தனை வருஷம் என்று மறுபடி கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனை சதவீதம் அடைப்பு, எத்தனை வருஷமாகச் சேர்ந்தது, வகுத்தால் வருஷத்துக்கு இவ்வளவு, மீதிக்கு இவ்வளவு. ஆனால் வகுக்கக்கூடாது என்று அவளுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். எதுவும் வருஷத்துக்கு இவ்வளவு என்று சீராகத் தேய்வதில்லை, சீராகச் சேர்வதும் இல்லை. சில வருஷம் சும்மா இருக்கும், திடீரென்று ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம். தகடு கழன்றதுபோல. அவர் பழைய ஹார்பர் வரைக்கும் தனியாக நடக்கிறார், அங்கே மனித நடமாட்டமே இல்லை, ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள், மூச்சு வாங்கவில்லை என்று அவரே சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது. அளக்கிறவனே அளக்கப்படுகிறவனாகவும் இருந்தால் அந்த அளவை எப்படி நம்புவது. குழம்பின் புளிப்பு பல்லில் இருந்தது. அந்தப் பயமும் புளிப்பைப் போலத்தான், இருந்துகொண்டே இருக்கும், சாப்பாட்டைக் கெடுக்காது. இப்போதெல்லாம் கெடுப்பதில்லை.

இசக்கிராஜ் ஒரு கையில் மோர்ப் பாக்கெட்டுகளோடு வந்தான். குழாய்களுக்குள் சலாகை விட்டு அளவெடுக்கிற கம்பெனியின் ஆள், முப்பது வயது, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவன்தான் வருவான், ஒவ்வொரு தடவையும் மீசை வேறு மாதிரி இருக்கும். ஒரு மோரை அவளிடம் நீட்டினான்.

"மேடம், ஒரு அதிசயம் சொல்லட்டா. ஒங்க டியூபு வளருது."

"என்னது?"

"நாலாவது வரிசையில இடமிருந்து மூணாவது. போன தடவை நீங்களே கூப்புட்டுக் காட்டுனீங்க, கால் பங்குக்கு மேல போயிருக்குன்னு. இப்ப பாத்தா புதுப் பொண்ணு மாதிரி இருக்கு. உரக் கம்பெனிதான, யாராவது ரெண்டு கை யூரியா வீசியிருப்பாங்க."

"மெஷினுக்குக் காலிபரேஷன் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தாச்சு."

"இன்னொரு தடவை பாரு."

"பாத்துருவோம். மோரைக் குடிங்க, சூடாயிரும்" என்று சொல்லிவிட்டு எக்ஸ்சேஞ்சரின் நிழலில் போய்க் கால் நீட்டினான். அவள் பாக்கெட்டின் மூலையைக் கடித்துத் திறந்தாள். இஞ்சி கூடுதல். இரும்பு வளராது. தேய்ந்தது தேய்ந்ததுதான். கருவி பழசு, வெயிலில் கிடந்தால் இப்படித்தான் ஒன்றிரண்டு பிசகும், ஒன்றிரண்டு நல்லதாகக் காட்டினால் அதை நம்பி ஏமாறக்கூடாது. ஏமாறக்கூடாது என்று நினைத்த இடத்திலேயே யோசனை ஒரு ஆணியில் மாட்டிய சேலைபோல நின்றது. பதினொரு மணிக்கு அந்தக் கெட்ட அளவுகள் வந்தபோது கருவி சரியாகக் காட்டுகிறதா என்று அவள் காலிபரேஷன் கேட்கவில்லை. நல்ல அளவுக்கு மட்டும் கேட்டிருக்கிறாள். ஏன். கெட்ட செய்தி வந்தால் அதற்கு உடனே நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம், நல்ல செய்தியை வாசலிலேயே நிறுத்தி நீ யார் என்று கேட்கிறோம். டாக்டர் நல்லா இருப்பாங்க என்றபோதும் அவள் அப்படித்தான் நின்றாள். சரி, அது வேறு. நாலாவது வரிசை. அந்தக் குழாய் அவளுக்கு ஞாபகம் இருந்தது, போன தடவை முனையில் ஒரு கீறல் பார்த்து அதில் விரலை வைத்திருக்கிறாள். இடமிருந்து மூன்றாவது. இடம், இடது, அம்மா இடது கையால் எதையாவது வாங்கினால் பட்டென்று அடிப்பாள், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் இடது திரும்பு என்றால் லூர்தம்மாள் மட்டும் எப்போதும் வலது பக்கம் திரும்பி அவள் முகத்துக்கு நேராக நின்று சிரிப்பாள். இடமிருந்து மூன்றாவது என்றால் கோயிலில் பெர்க்மான்ஸ் உட்காருகிற இடம். இல்லை, அவர் வலது பக்கம், ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, நடுப்பாதையை ஒட்டி. அவர்கள் கோயிலில் பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு பூசைக்கும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை, அவர் எங்கே என்று பார்க்கத் தலையை வலது பக்கம் லேசாகத் திருப்பினால் போதும். அது கழுத்துக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையேறி மைக்கைச் சரிசெய்து, ஆரம்பிக்குமுன் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்தாள். அவர் இல்லை. அந்தப் பக்கம் முழுக்க முக்காடுகள். எழுந்து வெளியே போயிருக்கிறார், வலி வந்திருக்கிறது, சொல்லாமல் போயிருக்கிறார். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் இடது பக்கம் பார்த்தால் மூன்றாவது பெஞ்சில் அவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. அவர் எங்கேயும் போகவில்லை. அவள்தான் எதிர்ப்பக்கம் வந்து நின்றிருந்தாள்.

மோர் கையில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சரையே பார்த்தாள். போன தடவை, அதற்கு முந்தின தடவை, எல்லாத் தடவையும், அளவெடுத்தது ஆபீஸ் பக்கத்து முனையிலிருந்து. இந்தத் தடவை அந்தப் பக்கம் கிரேனை நிறுத்திவிட்டார்கள், ஆள் நிற்க இடமில்லை, பரவாயில்லை கடல் பக்கத்திலிருந்து சலாகையை விடு, குழாய் ஒன்றுதானே, எந்தப் பக்கம் விட்டால் என்ன என்று சொன்னது அவளேதான். குழாய் ஒன்றுதான். இசக்கிராஜும் அவன் ஆட்களும் கடல் பக்கம் போய் நின்று, வழக்கம்போல இடமிருந்து எண்ணியிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆபீஸ் பக்கம் நின்றால் அது வலமிருந்து மூன்றாவது. வாயு பக்கம் மாறவில்லை. தகடு கழலவில்லை. நாலாவது வரிசையில் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்து கிடப்பதாக வந்த குழாய், விரல் வைத்துப் பார்த்த அதே குழாயாக இருந்தால், கால் பங்குக்கு மேல் இருந்த தேய்மானம் இரண்டு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் நகர்ந்திருக்கிறது. அடங்கியிருக்கிறது. அப்படி நினைத்தவுடன் உடம்பெல்லாம் லேசாகியது, லேசானதும் பயம் வந்தது. இது வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை. இத்தனை ஆசையோடு ஒருத்தி போட்ட கணக்கை நானாக இருந்தால் நம்புவேனா. தகடு நிஜமாகவே கழன்றிருந்தால், பக்கம் நிஜமாகவே மாறியிருந்தால், படமும் இதே மாதிரிதானே இருக்கும், அந்த ஒரு வளர்ந்த குழாயைத் தவிர. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பேச்சியம்மாளை இன்னும் இரண்டு வருஷம் நிற்க வைக்கலாமா.

குத்தாலிங்கம் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார், போனை மார்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

"என்னம்மா, தலைமை ஆபீஸ் லைன்ல இருக்கு. புதுக் கட்டுக்கு ஆர்டர் போடவான்னு கேக்காங்க. காலையில நீங்க சொன்னதத்தான் நானும் சொல்லியிருக்கேன்."

"போட வேண்டாம்னு சொல்லுங்க சார். கொஞ்ச நேரம். ரெண்டு டியூப் மறுபடி பாக்கணும்."

"எதுக்கு?"

"பாத்துட்டுச் சொல்லுறேன்."

அவர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார், நிழலில் கிடந்த இசக்கிராஜை ஒரு தடவை பார்த்தார். போனைக் காதில் வைத்து, லைன்லயே இருங்க, இன்ஜினியரம்மாவுக்கு இன்னும் சாப்பாடு முடியல என்றார்.

ஆபீஸ் பக்கத்தில் கிரேனின் சக்கரத்துக்கும் உருளையின் வாய்க்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையத்தான் இடம் இருந்தது. கிரேன்காரர் சாப்பிடப் போயிருந்தார். இசக்கிராஜ் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, சோத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா ஈசியா போயிருப்பேன் மேடம் என்றான். எதற்கு என்று அவனிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கும் ஆசை வந்துவிடும், கருவியைப் பார்க்கிற கண்ணில் ஆசை இருக்கக்கூடாது. நாலாவது வரிசை, அங்கே நின்றபடி இடமிருந்து மூன்றாவது, வலமிருந்து மூன்றாவது, இரண்டையும் பார்த்துச் சத்தமாகச் சொல், முனையில் கீறல் இருந்தால் அதையும் சொல் என்று மட்டும் சொன்னாள். அவன் நுழைந்தான். தொப்பி கிரேனில் இடித்தது. சலாகை குழாய்க்குள் போகும் ஓசை மட்டும் வந்தது, பாம்பு சருகில் போவதுபோல, பிறகு திரும்பி இழுக்கும் ஓசை. அவள் தன்னை அறியாமல் உருளையின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஒன்றும் இல்லை, வெயில் பட்ட இரும்புச் சூடு, அவ்வளவுதான். ஓடும்போது எறும்பு ஊர்கிற அந்த இடம். எத்தனை தடவை இங்கே கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், ஏதோ சொல்ல வருகிறது என்று நினைத்துக்கொண்டு. அது எதுவும் சொல்லவில்லை, நடுங்கியது, நடுங்குகிற எதற்கும் சொல்ல நேரமிருக்காது. பெட்டியின் மேல் போன் ஒளிர்ந்து அணைந்தது. யாராக இருந்தாலும் இப்போது வேண்டாம்.

"இடமிருந்து மூணாவது, மூணுல ஒரு பங்கு போயிருக்கு மேடம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முனையில கீறல் ஒன்னு இருக்கு."

"அடுத்தது."

சருகு ஓசை. நீண்ட நேரம்போல் இருந்தது, அப்படி இருக்க முடியாது.

"வலமிருந்து மூணாவது புதுசு. ஒன்னுமே போகல." பிறகு அவனுடைய மூச்சு. பிறகு, "அட" என்றான் மெதுவாக. அவனுக்கும் புரிந்துவிட்டது. அப்படியே பக்கவாட்டில் வெளியே வந்து, மேடம் நாங்க அந்தப் பக்கம் நின்னு எண்ணிட்டோம் என்றான்.

"நான்தான் அந்தப் பக்கம் போகச் சொன்னேன்" என்றாள் ஜெசிந்தா.

குத்தாலிங்கத்துக்கு விளக்கிச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேட்டு முடித்தபின் அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். காலையில் தகடு கழன்றுவிட்டது என்று சொன்னீர்களே என்றார். சொன்னேன், எண்ணியது தப்பு என்றாள். நல்லவேளையாகத் திட்டவில்லை. திட்டுவதைவிட மோசமான ஒன்றைச் செய்தார், சிரித்தார்.

"ஒன்னாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்மா, எது இடது கை எது வலது கைன்னு."

"தெரியும் சார். எந்தப் பக்கம் பாத்து நின்னுக்கிட்டுச் சொல்லுறன்னு கேட்டாத்தான் முழிக்கும்."

"சரி. எனக்கு என்ன வார்த்தை?"

அவள் உடனே சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்லவில்லை, வார்த்தை வாயில் இருந்த அந்தச் சில நொடிகள் அவளுக்குப் பிடித்திருந்தன. மூன்றில் ஒரு பங்கு. பாதி வரைக்கும் இடம் இருக்கிறது, போகிற போக்கும் மெதுவாகிக்கொண்டு வருகிறது, இரண்டு வருஷத்தில் பாதியைத் தொடாது. தொடாது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாது, தெரியாது என்பது இன்றைக்கு உறுத்தவும் இல்லை.

"ஓட்டலாம். ரொம்பத் தேஞ்சது நாலு இருக்கு, அதை மட்டும் ரெண்டு முனையிலயும் அடைச்சிருவோம். மத்தது அடுத்த நிறுத்தம் வரைக்கும் தாங்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மூடியக் கழட்டிப் பாப்போம்."

அவர் போனில் பேசிக்கொண்டே நடந்துபோனார். புதுக் கட்டு வேண்டாம், ஆமா, வேண்டாம், அம்மா பாத்துட்டாங்க என்று சொல்வது கம்ப்ரசர் கட்டடம் வரைக்கும் கேட்டது. ஜெசிந்தா ஸ்டோரிலிருந்து மஞ்சள் பெயின்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துவரச் சொன்னாள். போன தடவை உருளைக்கு வண்ணம் அடித்தபோது பழைய அடையாளங்கள் எல்லாம் மூடிப்போயிருந்தன, அதைப் பார்த்தும் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. ஆபீஸ் பக்கத்து முனையில் வாய்க்குப் பக்கத்தில், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கவேண்டுமோ அந்தப் பக்கத்தைக் காட்டி ஒரு அம்பு போட்டாள். கடல் பக்கத்துக்கும் போய் அதே குழாய்களைப் பார்த்து, அங்கேயிருந்து பார்க்கிறவனுக்கு இடது வலது மாறி, இன்னொரு அம்பு. கை பழகாத பிரஷ், பெயின்ட் அதிகம், அம்பின் வால் இரண்டாகப் பிரிந்து வழிந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு இசக்கிராஜ் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான்.

"இது என்ன மேடம், அம்பா, மீனா?"

அவள் ஒரு எட்டு பின்னால் போய்ப் பார்த்தாள். வழிந்த வால் இன்னும் கொஞ்சம் வழிந்துகொண்டிருந்தது. விரலெல்லாம் மஞ்சள்.

"மீனுதான்" என்றாள். "வாய் இருக்குற பக்கத்துல இருந்து எண்ணணும்."